ஜூனோ-106 வாங்குமுன் ஒரே கட்டையைப் பன்னிரண்டு முறை அழுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பழைய அனலாக் சின்தசைசர்கள் பற்றிய கட்டுரை, முதல்முறை வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு ரோலண்ட் ஜூனோ-106-ஐ எடுக்கலாம் என்கிறது. மிடி (கணினியோடும் பிற கருவிகளோடும் இணைக்கும் வசதி) உண்டு, 128 ஒலிகளைச் சேமிக்கலாம், சுருதி விலகாது என்று மூன்று காரணங்களையும் சொல்கிறது. மூன்றும் சரியே. ஆனால் 1984-இல் வந்த இந்தக் கருவியை இன்று வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது 80017ஏ என்ற சிப். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஜூனோ-106-இல் ஆறு வாய்ஸ்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 80017ஏ. ஒலியின் பளிச்சிடலைக் குறைத்துக் கூட்டும் ஃபில்டரும் ஒலியளவை ஏற்றி இறக்கும் விசிஏவும் அதற்குள்தான் இருக்கின்றன. 1982-இல் வந்த ஜூனோ-60-இலும் ஏறக்குறைய இதே சர்க்யூட்தான். ஆனால் அதில் இந்த வேலைகளைச் செய்யும் ஐஆர்3109, பிஏ662 சிப்கள் போர்டின் மேல் தனித்தனியாக நிற்கும். 106-இல் அவற்றைச் சிறு பலகையில் ஏற்றி, கறுப்பு ரெசினால் மூடிவிட்டார்கள். வருடங்கள் போகப் போக அந்தப் பூச்சு லேசாக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அப்போது ஒரு வாய்ஸ் கரகரக்கும், அல்லது கையை எடுத்த பிறகும் ஓயாமல் முனகும், அல்லது அடியோடு ஊமையாகிவிடும்.

விற்பவர் கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக) வாசித்துக் காட்டினால் இதெல்லாம் காதில் விழாது. ஒலியை அகலமாக்கிக் காட்டும் கோரஸ் போட்டிருந்தால் நிச்சயம் விழாது. சோதிக்கும் முறை எளிது. கோரஸை அணையுங்கள். கையை எடுத்த பிறகு ஒலி நீளும் நேரமான ரிலீஸைக் குறையுங்கள், ஃபில்டரை முழுக்கத் திறந்து வையுங்கள். 'பாலி 1' பொத்தானின் விளக்கு எரியட்டும். பிறகு ஒரே கட்டையை, ஒவ்வொரு முறையும் விட்டு விட்டு, பன்னிரண்டு முறை அழுத்துங்கள். 'பாலி 1'-இல் வாய்ஸ்கள் வரிசையாகச் சுற்றி வரும். மூன்றாவது அழுத்தத்தில் கரகரப்பு கேட்டு ஒன்பதாவதிலும் அதே கரகரப்பு கேட்டால் ஒரு சிப் போய்விட்டது. எந்தச் சிப் என்று அறிய, 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுங்கள். கருவி சோதனை நிலைக்குப் போய், அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் எண் காட்டும். இரண்டு வாய்ஸ்களில் மட்டும் ஒரு வேவ்ஃபார்ம் (அடிப்படை ஒலி வடிவம்) காணாமல் போனால் 80017ஏ-வைக் குறை சொல்லாதீர்கள். இரண்டிரண்டு வாய்ஸ்களுக்கு ஒன்றாக இருக்கும், வேவ்ஃபார்மை உருவாக்கும் எம்சி5534ஏ சிப்பைப் பாருங்கள்.

முக்கால் மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடேறியதும் குறை காட்டும் சிப்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, விற்பவர் நாம் வருவதற்கு முன்பே போட்டுச் சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் மட்டும் தெரியும் குறை மறைந்துவிடும்.

குறை இருந்தால் வழி இரண்டு. சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறவைத்து, இளகிய ரெசினை மெதுவாக உரித்தெடுப்பது ஒன்று. பல சிப்கள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். அவசரப்பட்டுச் சுரண்டினால் உள்ளிருக்கும் சிறு பாகங்களும் கூடவே வந்துவிடும். மற்றொன்று, புதிதாகத் தயாரித்து விற்கப்படும் மாற்றுச் சிப்களைப் போடுவது. எப்படிச் செய்தாலும் ஆறையும் ஒரேயடியாகச் செய்வதே புத்திசாலித்தனம். ஒன்று போன இடத்தில் மற்ற ஐந்துக்கும் அதே வயதுதான். சாக்கெட் வைத்துப் பொருத்துங்கள், பிறகு ஃபில்டர், விசிஏ ட்ரிம்மர்களை (போர்டில் உள்ள சிறு திருகுகளை) வாய்ஸ் வாய்ஸாகச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு கார்டிலேயே ஒரு ஸ்வரம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். "ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு" என்பவரிடம் போர்டின் படத்தைக் கேளுங்கள். ஸ்லைடரைத் துடைத்ததற்கும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஜூனோ-60? என் ஓட்டு அதற்கே. பிடித்திருக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் இருக்கிறது, 106-இல் அது கிடையாது. சிப் போனால் அந்த ஒரு சிப்பை மட்டும் மாற்றலாம். சேமிப்பு 56 ஒலிகளோடு நின்றுவிடும். மிடி கிடையாது, ரோலண்டின் பழைய இணைப்பு முறையான டிசிபி சாக்கெட்தான் உண்டு. கணினியோடு இணைக்கத் தனியாக மாற்றிப் பெட்டி வாங்க வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கட்டுரை புகழும் கோர்க் பாலிசிக்ஸை (1981) மூடியைத் திறக்காமல் வாங்கவே கூடாது. அதன் கேஎல்எம்-367 போர்டில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் காரம் செம்புத் தடங்களை அரித்துவிடும். பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா, பக்கத்துச் சிப்களின் கால்கள் கறுத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான கசிவென்றால் வினிகரால் காரத்தை முறித்து, தண்ணீரில் அலசி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்தால் போதும். தடமே போயிருந்தால் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். போர்டு நன்றாக இருக்கும் பாலிசிக்ஸ் அருமையான கருவி. எஸ்எஸ்எம்2044 ஃபில்டரின் கனம் ஜூனோவில் வராது. சுருதியை மின்னழுத்தம் தீர்மானிக்கும் விசிஓ என்பதால் ஏசி இல்லாத அறையில் சுருதி கொஞ்சம் அலையும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஜப்பானிலிருந்து வரவழைக்கப்படும் கருவிகள் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கானவை. பின்பக்க லேபிளைப் படிக்காமல் 230-இல் சொருகினால் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 230-110 டிரான்ஸ்ஃபார்மரும் போதாது: வீட்டு மின்சாரம் 250-ஐத் தொடும் இரவில் அது ஏறக்குறைய 120 வோல்ட் கொடுக்கும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர்கள் அந்த உபரியை வெப்பமாகத்தான் கழிக்கும். 100 வோல்ட்டுக்கென்றே சுற்றிய, தனித்தனிச் சுருளுள்ள 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றித் தரச் சொல்லுங்கள். ஹேர் டிரையருக்கு விற்கும் பயண மாற்றி வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்,
கோயம்புத்தூர்