காதை மடக்கும் பெட்டைக் குதிரை

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரேஸில் ஓடி ஓய்ந்த பெட்டைக் குதிரை; ஒருநாள் உன் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், மறுநாள் சேணத்தைக் கண்டதுமே காதைப் பின்னால் மடக்குகிறாள், வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறாள். லாயத்தில் எல்லாரும் 'அவ குணமே அப்படித்தான்' என்கிறார்களாம். பேச்சில் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

குணம் என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதே. அந்தியூர் ஆடிச் சந்தையில் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்துச் சுழி பார்த்துக் குதிரை வாங்குகிறவர்களை நீயும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். குதிரை முரண்டு பிடித்தால் சுழி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உன் அப்பாரு சுழியை மறுத்துப் பேசமாட்டார். ஆனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல், வயிற்று வாரை அவிழ்த்து விலாவைத் தடவாமல், எந்தக் குதிரையையும் குறை சொல்லமாட்டார். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்திபோலக் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். கடிவாளம் இழுபடும்போது தலையை உதறாமல் என்ன செய்யும்? அரம் போட்டு ராவிவிட்டால் அந்த வலி போய்விடும்.

பல் சரியாக இருந்தால், அப்புறம் வயிறு. ரேஸ் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் ரொம்ப சகஜம். குதிரையின் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற எச்சிலோ மென்றால்தான் ஊறும். தானியத்தை வாரிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் புல் இல்லாமல் கட்டிவைத்தால் புண் வராமல் இருக்காது. வெறும் வயிற்றோடு ஓட்டினால் அமிலம் இரைப்பையின் மேல் பாதிக்கு ஏறும்; அங்கே அதைத் தாங்கும் பூச்சு கிடையாது. வார் இறுக்கும்போது கடிக்க வருகிறாள் என்றாயே, எனக்கு முதல் சந்தேகம் இதில்தான். சேணம் போடுவதற்கு முன்னால் ஒரு கை காய்ந்த புல்லாவது தின்னட்டும். குதிரைமசால் தீவனம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தை அடக்கும். கொள்ளுத் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டச் சொல். புண் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், அதற்கு மருந்தும் இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் நீயாக எதுவும் கொடுக்காதே.

முதுகையும் பார். ஓட்டி முடித்துச் சேணத்தைக் கழற்றியதும் வியர்வை எங்கே படிந்திருக்கிறது என்று கவனி. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், சேணம் அங்கே அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும்.

பெட்டைக்கென்று இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வருவாள், 5 முதல் 7 நாள் இருக்கும். அந்த நாட்களில் சிலதுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது, வாலைத் தூக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், கீச்சென்று கத்தும், இடுப்பைத் தொட விடாது. குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் காலத்தில் இது நின்றுவிடும். நம் பக்கம் பகல் நீளம் அவ்வளவாக மாறாததால் வருஷம் முழுக்க வரக்கூடும். அவள் முரண்டு பிடித்த நாட்களை எல்லாம் காலண்டரில் குறித்துவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்தால் பருவம். அந்த நாட்களில் வேலையைக் குறைத்துக்கொள். எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் வலியைத் தேடு. ஆண்குதிரை மாதிரி மற்ற பெட்டைகளைத் துரத்தினால் சினைப்பையில் கட்டி இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்.

ஓட்டும்போது கடிவாளத்தைத் தொங்கிப் பிடிக்காதே. ரேஸில் ஓடியவள் அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடப் பழகியவள். நிறுத்த நினைத்தால் நீ நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கமாகத் திருப்பிப் பெரிய வட்டம் போட்டு, மெல்லச் சுருக்கு. கேட்டதை அவள் செய்த அந்த நொடியிலேயே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். தாமதித்தால் எதற்காகத் தளர்த்தினாய் என்று அவளுக்குத் தெரியாது. வாரையும் ஒரே மூச்சில் இறுக்காதே. கொஞ்சம் இறுக்கி, நாலடி நடத்தி, மறுபடி இறுக்கு. பிடரி மயிர் முடிகிற இடத்தில் நன்றாகச் சொறிந்துவிடு. குதிரைகள் ஒன்றுக்கொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும். அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே இறங்குகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அடிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே. வலியில் இருப்பவளை அடித்தால் உன்னைக் கண்டாலே பயப்படுவாள், பயந்த குதிரைதான் உதைக்கும்.

உன்னை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணு. நேர் பின்னாலிருந்து அவளிடம் போகாதே, அங்கே அவளுக்குக் கண் தெரியாது. தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே போ. ஏறி உட்கார்ந்து கால் வைக்கிற அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். கால் உள்ளே மாட்டிக்கொண்டு கீழே விழுந்தால் இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே, இரண்டு நிமிட வேலையானாலும் சரி.

முதலில் பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லி உங்கள் மேனேஜரிடம் கேள். செலவைக் காட்டித் தயங்கினால் என்னிடம் சொல், நான் அனுப்புகிறேன். டாக்டர் வந்து பார்த்த அன்றைக்கே போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா