தொழிற்பயிற்சி முடிக்கும் இளைஞர்களுக்கு வேலை: ஜூலை 15 கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான எலக்ட்ரீஷியன், வெல்டிங் பயிற்சி முடியும் தறுவாயில் இருக்கிறது. இனி வேலைதான் கேள்வி. சான்றிதழைப் பார்த்து மட்டும் யாரும் வேலை தருவதில்லை. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்து, எந்த ஒயர் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

கூட்டம்: ஜூலை 15, மாலை 6 மணி, கூகுள் மீட். (2014இல் ஐ.நா. அறிவித்த உலக இளைஞர் திறன் நாளும் அன்றுதான்.) லிங்க் காலையில் இங்கேயே வரும்.

அதற்குள் செய்ய வேண்டியவை:

1. தெரிந்த பட்டறை, காண்ட்ராக்டரிடம் அப்ரண்டிஸ் இடம் கேளுங்கள். உதவித்தொகை, வேலை நேரம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். "பார்க்கலாம்" என்ற பதில் கணக்கில் வராது.

2. மாதிரி நேர்காணல் நடத்த ஆள் தேவை. ஆங்கிலத்தில் துளைக்காமல், எர்த்திங் ஏன் கொடுக்கிறோம் என்பதுபோல் தொழிலைக் கேளுங்கள்.

3. வேலை கிடைத்தும் முதல் மாதத்திலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. சம்பளம் மாதக் கடைசியில்தான். அதுவரை பஸ் செலவு, சேஃப்டி ஷூ, சாப்பாடு எல்லாம் கைக்காசு. இதற்கு ஒரு தொகை ஒதுக்கலாமா என்று யோசித்து வாருங்கள். கடனாக வேண்டாம் என்பேன்.

4. பழைய டூல்ஸ் தரலாம். கைப்பிடி உறை கிழிந்த கட்டிங் பிளேயர் மட்டும் வேண்டாம், ஷாக் அடிக்கும்.

ஜூலை 10 இரவுக்குள் உங்கள் பெயரும், மேலே உள்ள நான்கில் எதில் உதவுவீர்கள் என்பதும் பதிலாக வரட்டும். கட்டைவிரல் எமோஜி போதாது. பிள்ளைகளின் போட்டோ, போன் நம்பரைக் குழுவில் போட வேண்டாம்.