வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டாம், ஊருக்கு ஒரு சுடுதளம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் எங்கள் பக்கத்தில் கை மாறிக் கை மாறிச் சுற்றியது. செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாகக் கிடக்கிறார்கள், திருட்டுப் பயம் அதிகம், அதனால் அமெரிக்கா மாதிரி, சுவிட்சர்லாந்து மாதிரி, கேட்டவர்களுக்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். பயம் நியாயமானதுதான். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தெருவில் நடந்து பாருங்கள், முகப்பில் ஒரே ஒரு பல்பு எரியும், உள்ளே ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவையும் சுவிட்சர்லாந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைக்கிறாரே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் அமெரிக்கா. என் அக்கா மகன் டல்லாஸில் இருக்கிறான். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை எதுவும் இல்லாத ஆள், கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக லைசென்ஸே தேவையில்லை. கடையில் வாங்கினால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், உங்கள் மேல் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அநேகமாக அங்கேயே அப்போதே முடிந்துவிடும். துப்பாக்கி அவர்களுக்கு 1791-ல் அரசியல் சட்டத் திருத்தத்திலேயே எழுதிவைத்த உரிமை, வீட்டில் தற்காப்புக்கு வைத்துக்கொள்வதும் அதில் அடங்கும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 100 பேருக்கு 120 துப்பாக்கி என்பது, துப்பாக்கிகளைக் கணக்கெடுக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2017-க்குக் கொடுத்த மதிப்பீடு. அதாவது பிறந்த குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒன்றுக்கு மேல்!

சரி, அத்தனை துப்பாக்கியும் யாரைச் சுடுகிறது? 2021-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல், வீட்டு ஆள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டது. நம் வாசகர் யாருக்காக லைசென்ஸ் கேட்கிறார்? தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், மூட்டுவலியோடும் மாத்திரை டப்பாவோடும் பெரிய வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவருடைய தலைமாட்டில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைக்கச் சொல்கிறோம், இதை அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அதே டல்லாஸில் வேறொன்றும் பார்த்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மருமகன், குறி பார்த்துச் சுட்டுப் பழகுகிற சுடுதளம் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். காதுக்குக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒருவர் கையில் மெகாஃபோனோடு நிற்கிறார். அவர் குரல் கொடுத்தால் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் சுடுவதை நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் அறையைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். குறி அட்டையை மாற்ற ஆள் முன்னால் போயிருக்கும்போது மேஜைப் பக்கம் கை நீட்டினாலே போச்சு, வெளியே அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபது வயதுக்குக் குறையாது, பேத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், சுடப்போகிற நொடி வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று. எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக அட்டையில் ஓட்டை போடுகிற அந்த அமெரிக்காவும், தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துத் தூங்குகிற அமெரிக்காவும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. நம் வாசகர் கேட்பது இரண்டாவதை.

சுவிட்சர்லாந்து கதையே வேறு. அங்கே வீட்டில் துப்பாக்கி இருப்பதற்குக் காரணம் பட்டாளம். ஆண்கள் கட்டாய ராணுவப் பணி செய்ய வேண்டும், அந்தப் பணிக் காலத்தில் ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான தோட்டாவை வீட்டில் வைக்கும் வழக்கத்தை 2007-லேயே நிறுத்திவிட்டார்கள். வெறும் துப்பாக்கி பரணில் தொங்கும், அவ்வளவுதான். வருஷா வருஷம் 300 மீட்டர் தூரத்தில் குறி பார்த்துச் சுடும் திருவிழா ஒன்று ஊர் ஊராக நடக்கிறது, பேர் ஃபெல்ட்ஷீசென், லட்சம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். சூரிச் நகரில் செப்டம்பரில் 13 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி, 1991-லிருந்து பெண் பிள்ளைகளும் சுடுகிறார்கள். ராட்டினம், தின்பண்டக் கடை எல்லாம் உண்டு, நம்மூர் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற கடை இருக்கிறதல்லவா, குழாய் வளைந்த ஏர்கன்னைக் கையில் கொடுத்து நம்மை ஏமாற்றுவார்களே, அதை நகரமே சேர்ந்து ஒழுங்காக நடத்துகிற மாதிரி. இதில் திருடன் எங்கே வந்தான்? இடுப்பில் துப்பாக்கியோடு தெருவில் நடக்க அங்கே தனி அனுமதி வேண்டும், அது சாதாரண ஆளுக்கு லேசில் கிடைக்காது.

ஜப்பானை நம் வாசகர் தொடவே இல்லை. அங்கே ஒரு ஷாட்கன், அதாவது ஒரே வெடியில் பல சின்னக் குண்டுகள் சிதறிப் பாயும் துப்பாக்கி, வாங்க வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மனநிலை பற்றி டாக்டர் சான்றிதழ், அப்புறம் அக்கம்பக்கத்தில் போலீஸ் விசாரணை. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், வீட்டில் எங்கே இருக்கிறது என்பது ஸ்டேஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூரத்துக் குறியை ஒற்றைக் குண்டால் சுடும் ரைஃபிள் வேண்டுமென்றால் அதற்கு முன் பத்து வருஷம் ஷாட்கன் வைத்திருந்திருக்க வேண்டும்! பிரிட்டனில் 1996-ல் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 குழந்தைகளையும் ஒரு ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு, 1997-ல் கைத்துப்பாக்கியையே தடை செய்தார்கள். 2002-ல் மான்செஸ்டரில் காமன்வெல்த் போட்டி நடத்தியபோது பிஸ்டல் போட்டிக்குத் தனியாக விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது.

நமக்குத் தாயாதி ஊர் மாதிரியான சிங்கப்பூரில் குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால், சுட முயன்றால்கூட, தூக்கு. விளையாட்டுப் போட்டிக்காகச் சுடுபவர்களின் துப்பாக்கியும் கிளப்பின் கிடங்கில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. அந்த ஊர்ப் பெண் மார்ட்டினா வெலோசோ 2018 காமன்வெல்த் போட்டியில் ரைஃபிளில் இரண்டு தங்கம் வாங்கினார். வீட்டில் துப்பாக்கி இல்லாத ஊரிலிருந்து போய்!

வெளிநாடு எதற்கு, குடகு பக்கத்தில்தானே இருக்கிறது. குடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கயில்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குச் செங்காந்தள் பூ வைத்துக் கும்பிடுவார்கள், மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடுவார்கள், சாவு வீட்டில் இரண்டு வெடி வெடித்துத்தான் ஊருக்குத் தகவல். அங்கே துப்பாக்கி குடும்பத்து ஆள் மாதிரி, சின்ன வயதிலிருந்தே அதோடு எப்படி நடந்துகொள்வது என்று சொல்லி வளர்க்கிறார்கள். அந்த வளர்ப்பை லைசென்ஸ் புத்தகத்தோடு சேர்த்துக் கலெக்டர் ஆபீஸில் தரமாட்டார்கள்.

நம் வீடுகளில் இருக்கிற துப்பாக்கியின் லட்சணம் எனக்குத் தெரியும். எங்கள் ஐயா காலத்து ரெட்டைக்குழல் ஒன்று இரும்புப் பெட்டியில் இருந்தது. வெளியே வருவதற்கு வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜை. எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டலுக்குப் பக்கத்தில் சாத்திவைப்பார்கள், மறுநாள் பெட்டிக்குள் போய்விடும். தேர்தல் வந்தால் பழைய வேட்டியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிவு வந்த பிறகு போய் எடுத்துவர வேண்டும். சட்டமன்றம், பாராளுமன்றம், உள்ளாட்சி என்று அது பார்த்த தேர்தல் நான் பார்த்ததைவிட அதிகம். சுட்டதை யாரும் பார்த்ததில்லை. ராத்திரி திருடன் வந்தால் ஐயா கண்ணாடியைத் தேடி, சாவிக்கொத்தைத் தேடி, இரண்டாம் கட்டு தாண்டி வந்து, தோட்டா போட்டு... அதற்குள் அவன் தேக்கு நிலையையே பெயர்த்துக்கொண்டு போயிருப்பான். அதைவிட மோசம், துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் திருடவே வருவான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

நம் வாசகர் கடிதத்தில் ஒரு வரி மட்டும் உறைத்தது. நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது வெள்ளைக்காரன்தானே என்று கேட்டிருந்தார். உண்மை. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, அந்த டிசம்பரிலேயே பாளையக்காரச் சீமையில் ஆயுதம் வைக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். 1878-ல் நாடு முழுக்க ஆயுதச் சட்டம், அதில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு. சிவகங்கைச் சீமைக்காரனுக்கு அந்தக் கோபம் இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் 1959-ல் வந்த சட்டம் நாமே போட்டுக்கொண்டது, 2019-ல் ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும், கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவனுக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று சேர்த்ததும் நம் பாராளுமன்றம்தான். விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதல் துப்பாக்கி வைக்க விலக்கும் அதில் இருக்கிறது, அந்தப் பக்கத்தைத்தான் நாம் படிப்பதில்லை.

நம் பக்கத்து ஊரைப் பாருங்கள். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கிற தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் சுட்டார். ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், ஆனால் வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில். தேவகோட்டையிலோ சிங்கம்புணரியிலோ ஒரு பிள்ளைக்கு நல்ல குறி இருந்தால் எங்கே போய்ப் பழகும்? கண்மாய்க் கரையில் ஏர்கன்னை வைத்து அணிலையும் கொக்கையும் சுட்டுத் திரியும், வேறு வழி? கொக்கைச் சுடுவது வன உயிரினச் சட்டப்படி குற்றம். அதுவும் நம் ஜில்லாவில், வேட்டங்குடியில் 1977-லிருந்து பறவைகள் சரணாலயம் இருக்கிறது, பறவை பயந்து போய்விடும் என்று அந்தக் கிராமத்து ஜனங்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை.

பெரிய செலவும் கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு வேண்டியது பத்து மீட்டர் நீளம், நல்ல வெளிச்சம், குண்டு தெறிக்காத பின்சுவர். நம்மூர் வளவுகளில் பாதி அதைவிட நீளம். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல், அந்த வகை ஏர் ரைஃபிளுக்கு ஆயுத லைசென்ஸே தேவையில்லை. அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், கோபத்திலோ பயத்திலோ இருக்கிறவனால் அதைத் தொட முடியாது, மூச்சை அடக்கி நிற்கத் தெரிய வேண்டும்.

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, இடம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து அங்கே ஒரு கூடம், ஆளுக்கொரு பக்கமாக நின்று சுட ஐந்தாறு லேன், முறையான பயிற்சியாளர் ஒருவர், அவ்வளவு போட்டுக்கொடுத்தால் போதும். துப்பாக்கியை அங்கேயே வைத்துப் பூட்டி, சாவியும் அங்கேயே இருக்கட்டும். வயதானவர்கள் வீட்டுக்கு ராத்திரி ரோந்தும், நாலு வீட்டுக்கு ஒரு கேமராவும், பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி ஒரு அழைப்பு மணியும் கேட்டு நம் வாசகர் அடுத்த கடிதம் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
தேவகோட்டை வாசகர்