சூரியகாந்தி பாரிஸிலேயே வந்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியர் வான்கோவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பிரான்ஸின் தெற்கே ஆர்ல் நகரத்தில் அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டையும், அங்கே சக ஓவியர் கோகனோடு கழிந்த இரண்டு மாதங்களையும் கட்டுரையாளர் கண்முன் கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஆர்லின் வெயில்தான் வான்கோவுக்கு நிறத்தைக் கற்றுத் தந்தது என்பதுபோல, நெதர்லாந்தின் இருட்டிலிருந்து தென்பிரான்ஸின் வெயிலுக்கு ஒரே தாவாகத் தாவியிருக்கிறார். நடுவில் பாரிஸில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒற்றை வரிதான். பள்ளியில் ஓவியம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு அது பெரிய மனக்குறை.

1885இல் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தின் நிறத்தை, தூசி படிந்த, தோல் உரிக்காத உருளைக்கிழங்கின் நிறம் என்று தம்பி தியோவுக்கு அவரே எழுதினார். நிறங்களைப் பற்றிய நூல்களை அப்போதே படித்திருந்தார். படிப்பு மட்டும் இருந்தது, கைக்கு வரவில்லை. 1886 பிப்ரவரி கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் பாரிஸில் வந்து இறங்கினார்.

அந்தக் கோடையில் ஆட்களை உட்காரவைத்து வரையக் கையில் காசில்லை. அதனால் பூக்களை வரைந்தார். தெரிந்தவர்கள் வாராவாரம் பூ கொடுக்கிறார்கள் என்றும், இனி வரும் படங்களில் நிறம் துலங்குவதற்காகவே அண்ணன் பூக்களாக வரைகிறார் என்றும் தியோ தாய்க்கு எழுதியிருக்கிறார். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என்று எதிர் நிறங்களை மோதவிட்டுப் பார்த்த பயிற்சி அது.

வான்கோ வைத்திருந்த சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே கம்பளி நூலுருண்டைகள். பல நிற இழைகளைச் சேர்த்துச் சுற்றியவை. என் மாணவர்களுக்கு எம்பிராய்டரி நூலில் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். ஆரஞ்சு இழைக்குப் பக்கத்தில் நீல இழையைப் படியவிட்டால் இரண்டுமே கண்ணைப் பறிக்கும். மயிரிழையாகப் பிரித்து முறுக்கிவிட்டு எட்ட நின்று பார்த்தால் இரண்டும் செத்துச் சாம்பல் நிறமாகிவிடும். எவ்வளவு அகலத்துக்கு ஒரு நிறத்தை விடவேண்டும் என்ற இந்தக் கணக்குதான் அவருடைய தடித்த தூரிகைக் கோடுகளில் இருக்கிறது. இதை வெயில் கற்றுத் தராது.

1887இல் ஓவியர் சின்யாக்கோடு சேர்ந்து பாரிஸின் சேன் நதிக்கரையில் வரைந்தார். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் பாலத்தையும் பிளம் தோட்டத்தையும் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். பெயர் பெற்ற அந்தச் சூரியகாந்திகளும் முதலில் பாரிஸில்தான் வந்தன. குவளையில் அல்ல, வெட்டி மேசைமேல் கிடத்திய, காய்ந்து சுருண்ட தலைகளாக. ஆர்லின் குவளைப் பூக்கள் அதற்கு மறு ஆண்டு, 1888 ஆகஸ்டில்தான்.

பாரிஸ் ஏன் விட்டுப்போகிறது என்பதற்குக் காரணம் எளிது. நாம் வான்கோவை அவருடைய கடிதங்கள் வழியாகவே அறிகிறோம். பாரிஸில் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கடிதம் எழுத வேண்டிய தேவையே இல்லை. கடிதம் இல்லாத காலத்தை வாழாத காலமாக எண்ணிவிடலாமா?

கட்டுரையாளர் பக்கமும் ஒரு சான்று உண்டு. பாரிஸில் கற்றது தன்னைவிட்டு அகல்கிறது, அதற்கு முன்னிருந்த எண்ணங்களுக்கே திரும்புகிறேன் என்று ஆர்லிலிருந்து வான்கோவே தியோவுக்கு எழுதினார். அதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பியவர் பழைய மண் நிறத்துக்குத் திரும்பவில்லையே! போன கை வேறு, வந்த கை வேறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1888 பிப்ரவரி 20இல் அவர் ஆர்லில் இறங்கியபோது ஊரே பனியில் மூடிக் கிடந்தது. அங்கே முதலில் வரைந்தவற்றில் பனி மூடிய வயலும் ஒன்று.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1886ஆம் ஆண்டுப் பூ ஓவியம் ஒன்றையும், 1887இன் வெட்டுண்ட சூரியகாந்தியையும் வண்ணத்தில், ஒரே பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளையில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்