தவணை இறுதிக் கடிதம்: முதலாம் ஆண்டுப் பதிவு குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களே, வணக்கம்.

இத்தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. குறுக்கோட்டப் போட்டியிலும் திருமுறை ஓதும் போட்டியிலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர். நூல்நிலையத்துக்குப் புதிய நூல்கள் வந்துள்ளன. சிற்றுண்டிச்சாலைக்குச் சாயம் பூசிய கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணியில் கலந்துகொண்ட அனைவருக்கும் நன்றி. மதிப்பீட்டு அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது முதலாம் ஆண்டுப் பதிவு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் தமிழ்ப்பள்ளியைப் பற்றி விசாரிக்க வரும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "இங்கே மற்ற இனப் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. மலேசியா போன்ற பல்லின நாட்டில் ஆறு ஆண்டுகள் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே பழகினால் பின்னாளில் பிள்ளை கூச்சப்படுமோ, மலாய்மொழி சரளமாக வராதோ என்று அஞ்சுவது இயல்பு. இதற்காக, மலாய்மொழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளியையோ சீனப்பள்ளியையோ தேர்ந்தெடுக்கும் குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே போகும் பிள்ளையும் நம் பிள்ளைதான்.

ஆயினும் முடிவெடுக்கும் முன் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்று நாட்டின் கல்வி குறித்த 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை பரிந்துரைத்தது. இன்று மலாய்மொழி நம் பள்ளியிலும் கட்டாயப் பாடம். இன்னொன்று, இன்றைய தேசியப் பள்ளிகளில் பெரும்பாலோர் மலாய் மாணவர்கள், சீனப்பள்ளிகளில் பெரும்பாலோர் சீன மாணவர்கள். அங்கே உங்கள் பிள்ளை வகுப்பில் ஒரே இந்தியப் பிள்ளையாக இருக்க நேரலாம். சில பிள்ளைகள் அதில் நன்றாக மலர்வார்கள், சிலர் வாய் திறக்காமலே ஆண்டைக் கழிப்பார்கள். ஓய்வு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருப்பதில்லை. அதை நேரில் போய்ப் பாருங்கள்.

நம் பங்கிற்கு, அண்டைத் தேசியப் பள்ளியோடு சேர்ந்து பந்தைக் காலால் உதைத்து வலைக்கு மேலே அனுப்பும் செப்பாக் தக்ராவ் ஆடினோம். ஒவ்வோர் அணியிலும் இரு பள்ளி மாணவர்களையும் கலந்தே நிறுத்தினோம். தொடக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தயங்கினார்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் "அடிடா" என்றும் "லிபாஸ், லிபாஸ்" என்றும் இரண்டு மொழியிலும் கத்தித் தீர்த்துவிட்டார்கள். அடுத்த தவணையிலும் இது தொடரும்.

இனி, என்னை மிகவும் வருத்திய ஒன்று. நம் பள்ளியில் சில பூர்வக்குடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்கள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டு, தம் பிள்ளையை வேறு இடத்தில் உட்கார வைக்கும்படி சில பெற்றோர் அலுவலகத்தை அழைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்தியை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பக்கத்துப் பிள்ளையிடம், "உன்கூட உட்காரக் கூடாதாம், அம்மா சொன்னாங்க" என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் தன் பென்சில் பெட்டியை மேசை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

இப்பள்ளியில் இனம் பார்த்து எந்தப் பிள்ளையின் இருக்கையும் மாற்றப்படாது. அத்தகைய கோரிக்கையை அலுவலகம் ஏற்காது. எந்த இனத்தையும் இழிவுபடுத்தி எழுதுபவர் வகுப்புக் குழுவிலிருந்து உடனே நீக்கப்படுவார், என்னையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையும் நேரில் சந்தித்து விளக்கம் தரவும் வேண்டும். பதிவின்போது மற்ற இனத்தார் இல்லையே என்று குறைபட்டுவிட்டு, இருக்கும் பிள்ளையைத் தள்ளி வைக்கச் சொல்வது முறையாகாது.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், மேல்முறையீட்டுக்கு அனுமதியில்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது நாம் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். இப்பள்ளிகள் மக்களைப் பிரிக்கின்றன என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். நாமே ஒரு குழந்தையை ஒதுக்கினால் அவர்கள் கையில் ஆதாரத்தைக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

இது வெகு சிலரின் செயல் என்பதை நன்கறிவேன். மழை நாளில் வேன் வராதபோது அந்தப் பூர்வக்குடிப் பிள்ளைகளைத் தம் வண்டியில் ஏற்றி வீடுவரை கொண்டுபோய் விட்டுவந்த தந்தையை நான் அறிவேன். மகளின் பிறந்தநாளன்று வகுப்பு முழுவதற்கும் இட்லி அவித்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துப் பரிமாறிய தாயையும் அறிவேன். உங்களைப் போன்றோரால்தான் இப்பள்ளி நடக்கிறது. மனமார்ந்த நன்றி.

பள்ளியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புவோர் ஓய்வு நேரத்தில் வரலாம். முன்கூட்டியே அலுவலகத்தில் தெரிவித்தால் நானே உடன் வந்து சுற்றிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்