நிலக்கரிக் குழி வருகிறதா? எங்கள் அரிசி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் நிலக்கரி எடுக்கப் போகிறார்கள், இனித் தஞ்சாவூர் அரிசி கிடைக்காது என்று ஒரு வரைபடம் மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போன வாரம் ஒரு அம்மா ஒரேயடியாக ஆறு சிப்பம் தூயமல்லி கேட்டார்கள். வியாபாரம்தானே என்று கட்டிக் கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை. அந்த வரைபடம் 2023-ஆம் வருடத்துச் சங்கதி.

அந்த வருடம் மார்ச் 29 அன்று ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. அதில் தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் இருந்தன. மூன்றும் பழுப்பு நிலக்கரி. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 8-ஆம் தேதி மூன்றையும் நீக்குவதாக அப்போதைய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். பத்தே நாளில் முடிந்த கதை.

சரி, ஏலம் போயிருந்தால் மறுநாளே வயலில் இயந்திரம் இறங்கியிருக்குமா? இறங்கியிருக்காது. ஏலம் எடுத்தவர் சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசியில் குழியை எப்படி மூடுவது என்பதற்கும் திட்டம் காட்டி, அதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் கட்டி வர வேண்டும். குத்தகை தருவது மாநில அரசு. நிலம் எடுப்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு என்று இன்னும் நீளும்.

இதில் நாம் வாய் திறக்க இடமுள்ளது சுற்றுச்சூழல் அனுமதியில்தான். 2006 அறிவிக்கைப்படி, சுரங்கம் வரப்போகும் இடத்திலோ அதன் அருகிலோ கருத்துக் கேட்புக் கூட்டம் போட வேண்டும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் வர வேண்டும், பேசுவது முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும். ஆனால் அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஊரே வேண்டாம் என்றாலும் அது பதிவாகுமே தவிர, கோப்பு தானாக மூடிக்கொள்ளாது.

எங்களுக்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் கவலை. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் குழி நிலைக்கும். போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவை நடுகிற ஊரில் அப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெல்டா விவசாயத்தைக் காக்க வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2020-இல் வந்தது. அதன் தடைப் பட்டியலில் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, அதுபோன்ற ஹைட்ரோகார்பன்கள் என்று எழுதினார்களே ஒழிய, நிலக்கரிச் சுரங்கம் என்று தனியாக எழுதவில்லை. அரியலூர் மாவட்டத்தை மண்டலத்திலும் சேர்க்கவில்லை. ஆகவே பயமே வேண்டாம் என்று நாங்கள் எழுத மாட்டோம். பழைய வரைபடத்துக்குப் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான்.

அரிசி விஷயத்துக்கு வருகிறோம். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கைக்குத்தலை அடுக்கி வைத்தால் வண்டு விழும். தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் கையில் இருக்கின்றன, விலை மாறவில்லை. மாப்பிள்ளைச் சம்பா புது நெல் அரைத்து வர இன்னும் மூன்று வாரம் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் அரிசிக் கடையினர்