கவிக்கு, உன் ஆளு பாத்த படத்தப் பத்தி

அடியே கவி,

திட்டாத. உன் வாய்ஸ் மெசேஜ அன்னிக்கே கேட்டேன், ரெண்டு வரில தட்டி விடுற விஷயமா இதுன்னு தள்ளித் தள்ளிப் போட்டு இப்பதான் ஒக்காந்தேன். இங்க எல்லாரும் சௌக்கியம், இவருக்கு முதுகு வலி அப்படியேதான், பிரபா இன்னும் அதே கதையத்தான் எழுதிட்டிருக்கான், சிரிக்காத.

எட்டு வயசுப் பொண்ண தத்தெடுக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு, உன் ஆளு ராத்திரி தனியா ஒக்காந்து 'ஆர்ஃபன்' பாத்து மிரண்டுட்டாராமே! அந்த 2009 படத்துல வர எஸ்தர் குழந்தையே கிடையாதுடி, முப்பது வயசத் தாண்டின பொம்பள, ஒடம்பு வளராததால சின்னப் பொண்ணா நடிச்சு ஏமாத்துறா, அதப் பாத்துட்டு இவரு நெஜக் குழந்தையக் கண்டு பயப்படுவாராமா? படம் வரதுக்கு முன்னாடியே தத்தெடுத்த குடும்பங்க சண்டைக்குப் போய் டிரெய்லர்ல ஒரு வசனத்தையே மாத்த வெச்சாங்க, தத்துப் பிள்ளைய சொந்தப் பிள்ள மாதிரி நேசிக்கிறது கஷ்டம்தான்ற மாதிரி வந்த வசனம். 1976ல வந்த 'ஓமன்'லயும் இதே கததான், யாரு பெத்ததுன்னு தெரியாத பிள்ள வீட்டுக்குள்ள வந்தா சனியனும் கூடவே வரும்.

அதுக்காக எதிர்ப்பக்கம் இருக்குற சர்க்கரப் படங்களையும் நம்பாத. அன்பா இருந்தா போதும், ஒரு பாட்டுல எல்லாம் சரியாயிடும்பாங்க. அதுக்கு 'இன்ஸ்டன்ட் ஃபேமிலி' தேவல, டைரக்டரே மூணு பிள்ளைங்கள தத்தெடுத்தவர். மொதல்ல பிள்ளைங்க அடக்க ஒடுக்கமா இருக்கும், பழகினப்புறம்தான் வெடிக்கும், அத ஒளிக்காம காட்டிருக்கார்.

ஆனா உன் ஆள 'சிஸ்டம் கிராஷர்' பாக்க வை. 2019ல வந்த ஜெர்மன் படம். அதுல வர பொண்ணு பென்னிக்கு ஒம்போது வயசு, கைக்குழந்தையா இருக்கப்ப மூஞ்சில டயபர வெச்சு அழுத்திருக்காங்க, அதனால யாராவது மூஞ்சத் தொட்டா வெறி வந்துடும், அடிப்பா, ஒடப்பா, எந்த விடுதிலயும் வெச்சுக்க மாட்டாங்க. அம்மா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு பின்வாங்குற எடத்துல, இவளுக்காக அலையுற அதிகாரியம்மா ஒடஞ்சு போய் அழுவாங்க, பென்னிதான் அவங்களத் தேத்துவா. நான் அங்க படத்த நிறுத்திட்டேன், முடியல.

'ஷார்ட் டெர்ம் 12'னு விடுதிப் பிள்ளைங்களப் பத்தின படத்துல ஒரு பொண்ணு தானா எழுதின கத ஒண்ணு படிப்பா. ஒரு ஆக்டோபஸ் சுறாவோட சிநேகமாகும், சிநேகத்துக்கு வெலயா சுறா ஆக்டோபஸோட கைய ஒண்ணொண்ணா கேட்டு வாங்கித் திங்கும். வீட்ல என்ன நடந்துச்சுன்னு அந்தப் பொண்ணால வேற எப்படியும் சொல்ல முடியல கவி. உன் பொண்ணும் நேரா சொல்ல மாட்டா, தட்ட வீசுவா, இல்ல தலகாணிக்கு அடில சாப்பாட்ட ஒளிச்சு வெப்பா. உன் ஆளு அதப் பாத்து எஸ்தர்னு அலறுனா செருப்பாலயே அடி, நான் சொன்னேன்னு சொல்லு.

ஒரே ஒரு பயம்தான் எனக்கு. இதுக்கு முன்னாடி யாராவது அவளக் கூட்டிட்டுப் போய் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்காங்களா? நீ சொன்னதுல அது இல்ல. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேட்டுடு. ஆமான்னாங்கன்னா ஒடனே எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

மீனா